நிர்வாக விஞ்ஞானமும் நிறவெறியும்: பிரின்ஸ்டன் பள்ளியொன்றின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஜேர்சி மாநிலத்திலே உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பரிபாலன சபை, 2020ஆம் ஆண்டு யூன் மாதம் 26ஆந் திகதி, தனது பொதுக் கொள்கைப் பள்ளிக்கு எழுபத்திரண்டு ஆண்டுகளாக வழங்கிவந்த பெயரை நீக்கிவிடுவதெனத் தீர்மானித்தது. நீக்கப்பட்ட பெயர் ஊட்றோ வில்சனுடையது. அவர் அந்நாட்டின் இருபத்தெட்டாவது ஜனாதிபதி. சர்வதேச சங்கத்தின் தந்தை எனச் சரித்திர பாடப் புத்தகங்களிலே நாம் படித்தவர். அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக எட்டு ஆண்டுகள் வீற்றிருந்தவர். மினியாபொலிஸ் நகரத் தெருவிலே, ஒரு பொலிஸ்காரனின் முழங்காலின்கீழ், ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பின மனிதர் மூச்சுத் திணறி உயிர்விட்டு ஒரு மாதமே கழிந்திருந்த வேளை அது. ஆகவே இம்முடிவை அக்காலத்துக் கொந்தளிப்பின் ஒரு சிறு அலையாகவே பலரும் கருதினர். ஆயின் இப்பெயர் வந்த வழியையும் போன வழியையும் சற்று ஊன்றி நோக்குவோமாயின், பொது நிர்வாகம் என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் கல்வியின் அடித்தளத்தையே தொடும் ஒரு வினா அங்கே எழுகின்றது.

முதலில் இப்பள்ளி எத்தகையது என்பதைக் கூறவேண்டும். பட்டம் பெற்ற இளைஞரை அமைச்சுகளுக்கும் தூதரகங்களுக்கும் சர்வதேச நிறுவனங்களுக்கும் பயிற்றி அனுப்பும் பள்ளி இது. பொருளியலும் புள்ளிவிபரவியலும் அரசியலும் அங்கே பாடங்கள். அமெரிக்காவிலே இத்தகைய கல்வி நிலையங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1924இலும், பிரின்ஸ்டனில் 1930இலும் இவை தோன்றின. ஹாவார்ட்டில், கையுறை உற்பத்தி செய்து பெருஞ்செல்வம் திரட்டிய லிட்டவர் என்பவரின் நன்கொடையால் 1936இல் ஒரு பள்ளி உருவாயிற்று. கையுறை வணிகரின் பணத்திலே அரசாங்க ஊழியர் உருவாவதில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேறு கதை.

இக்கல்வித் துறை தன் பிறப்புச் சாசனமாக நெடுங்காலம் போற்றிவந்தது ஒரு கட்டுரையை. 1887 யூன் மாதத்தில் ஓர் அரசியல் விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளிவந்த ‘நிர்வாகம் பற்றிய ஆய்வு’ என்னும் அக்கட்டுரையை எழுதியவர், பிறின் மோர் மகளிர் கல்லூரியில் விரிவுரையாளராயிருந்த முப்பது வயது ஊட்றோ வில்சன். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்பதே அதன் சாரம். என்ன செய்யவேண்டும் என்பதை மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் தீர்மானிக்கட்டும். அதைச் செவ்வனே செய்து முடிப்பது தேர்ச்சிபெற்ற ஊழியரின் தொழில். அத்தொழில் கட்சிச் சண்டைகளுக்கு அப்பாற்பட்டது என்று அவர் வாதிட்டார். எதேச்சாதிகாரப் பிரஷ்யாவிடமிருந்து நிர்வாக முறைகளைக் கற்கலாமா என்று கேட்போருக்கு அவர் ஓர் உவமையால் விடையளித்தார். கொலைகாரன் ஒருவன் கத்தியைத் திறமையாகத் தீட்டுவதைக் கண்டால், அவனுடைய கொலை எண்ணத்தை ஏற்காமலே தீட்டும் வித்தையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா என்பது அதன் கருத்து. உவமை அழகானதுதான். தீட்டிய கத்தி யார் கையில் இருக்கிறது, யார் கழுத்தின்மேல் விழுகிறது என்ற வினாவை அது எழுப்பவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அக்கத்தி வில்சனின் கைக்கே வந்தது.

அக்கட்டுரை எழுந்த சூழலையும் மறந்துவிடலாகாது. அமெரிக்காவிலே நெடுங்காலமாகத் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளருக்கு உத்தியோகங்களைக் கொள்ளைப் பொருள்போலப் பங்கிட்டுவந்தது. 1881இல், உத்தியோகம் கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் ஜனாதிபதி கார்பீல்டையே சுட்டுக் கொன்றான். அதன் பின்னரே, 1883இல், பரீட்சையின் மூலம் ஊழியரைத் தெரிவுசெய்யும் பென்டில்ற்றன் சட்டம் நிறைவேறியது. சட்டத்தை இயற்றியோர் எண்ணியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இதனால் பெரும் பயன் அடைந்தோருள் கறுப்பின மக்களும் அடங்குவர். அடிமைத்தளை அறுந்து ஒரு தலைமுறைகூட முற்றாகக் கழியாத அவர்களுக்குப் பரீட்சைத் தாள் ஒரு கதவைத் திறந்தது. தென் மாநிலங்களிலே வாக்குரிமை பறிக்கப்பட்டு, மரங்களிலே தூக்கிலிடப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், வொஷிங்டன் நகரத்து அரசாங்கக் கந்தோர்களில் கறுப்பின எழுதுவினைஞர் வெள்ளையருடன் ஒரே மேசையிலிருந்து வேலை செய்தனர். சிலர் வெள்ளையருக்கு மேற்பார்வையாளராகவும் இருந்தனர். ஓர் அரசாங்க உத்தியோகம் ஒரு குடும்பத்தையே தலைநிமிர்த்தி வைக்கும் என்பது நம் வாசகர்க்கு விளக்கவேண்டிய செய்தியன்று.

1912ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி இரண்டாகப் பிளந்ததனால் வில்சன் ஜனாதிபதியானார். கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், தாம் சேர்ந்திருந்த சோசலிசக் கட்சியை விட்டு விலகி வில்சனை ஆதரித்தார். பொஸ்ரன் நகரத்துக் ‘கார்டியன்’ பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் மன்றோ ட்ரொட்டரும் அவ்வாறே செய்தார். கல்விமான் ஒருவர் நாட்டை ஆளப்போகிறார், அவர் நியாயமாக நடப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

நம்பிக்கை பொய்க்க நெடுங்காலம் செல்லவில்லை. 1913 ஏப்பிரல் மாதம் மந்திரிசபைக் கூட்டமொன்றில் தபால் மந்திரி பேர்ள்சன், புகையிரதத் தபாற் பகுதியில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். வில்சன் தடுக்கவில்லை. பின்னர் அவருக்கு மருமகனாகவும் ஆன திறைசேரி மந்திரி மக்அடூவின் திணைக்களத்திலும் அதே கதை. கந்தோர்களிலே மறைப்புத் தட்டிகள் எழுந்தன. உணவறைகளும் மலகூடங்களும் பிரிக்கப்பட்டன. 1914 முதல் உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போர் தம் புகைப்படத்தையும் இணைத்து அனுப்பவேண்டும் எனச் சிவில் சேவை ஆணைக்குழு விதித்தது. பரீட்சைத் தாளுக்கு நிறம் தெரியாது, புகைப்படத்துக்குத் தெரியும். அரசியலுக்கு அப்பாற்பட்ட தூய நிர்வாகம் என்ற கொள்கையை வகுத்தவரின் ஆட்சியிலேயே, ஒரு சிறு நிர்வாக விதி, ஒரு கட்டளைத் துண்டு, ஓர் இனத்தின் முன்னேற்றத்தை மறித்தது. இதற்கெனப் புதிய சட்டம் எதுவும் காங்கிரசில் இயற்றப்படவில்லை என்பது கவனிக்கற்பாலது. எல்லாம் நிர்வாகமாகவே நடந்தது.

எண்களில் இதன் விளைவைக் கண்டறிய ஆய்வாளர் நூறாண்டு கழித்தே முனைந்தனர். வில்சன் ஆட்சியின் ஊழியர் பதிவேடுகளை ஆராய்ந்து அனேஜா, சூ என்னும் பொருளியலாளர் இருவர் 2022இல் வெளியிட்ட கட்டுரை, கறுப்பின ஊழியருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வருமான இடைவெளி அவ்வாட்சியின் பிரிவினைக் கொள்கையால் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளிகள் விரிந்தது எனக் கணக்கிட்டது. ஆயின் ஒரு மனிதனின் வாழ்க்கை எண்களைவிடத் தெளிவாகப் பேசும். ஜோன் ஏப்ரகாம் டேவிஸ் அரசாங்க அச்சகத்திலே கூலியாளாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து மேற்பார்வையாளரானவர். 1908இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,400 டொலர். வொஷிங்டனில் வீடும் வேர்ஜீனியாவில் ஒரு பண்ணையும் அவருக்கு இருந்தன. வில்சன் பதவியேற்ற சில மாதங்களுள் அவர் பதவி இறக்கப்பட்டார். திணைக்களம் திணைக்களமாகச் சில்லறை வேலைகளுக்கு மாற்றப்பட்டு, ஈற்றில் யுத்தத் திணைக்களத்திலே 720 டொலர் சம்பளத்துக்குத் தூது செல்லும் பியோனாக அமர்ந்தார். 1914 ஏப்பிரலில் பண்ணை ஏலத்தில் போயிற்று. இச்செய்தியை 2015 நவம்பரில் ‘நியூ யோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதியவர் அவருடைய பேரனான கோர்டன் டேவிஸ் என்னும் சட்டத்தரணி. ஜோன் டேவிசின் மக்களுள் ஒருவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மற்றவர், பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டு வழக்குக்கு வேண்டிய ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அக்குடும்பம் மீண்டது. மீளாத குடும்பங்களின் கதையை எழுதப் பேரர் இருந்தார்களோ என்னவோ.

ட்ரொட்டர் சும்மா இருக்கவில்லை. 1913 நவம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் கையொப்பமிட்ட மகஜருடன் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். ஓராண்டு கழித்து மீண்டும் சென்று, கொடுத்த வாக்குறுதி என்னாயிற்று என்று நேருக்கு நேர் கேட்டார். பிரிவினை அவமானமன்று, கறுப்பினத்தவருக்கு நன்மையே என்று வில்சன் போதித்தார், ட்ரொட்டர் மறுத்தார், ட்ரொட்டரின் தொனி தமக்குப் பிடிக்கவில்லை என்று ஜனாதிபதி சினந்து பேச்சை முறித்தார். ‘அவர் தம் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அவரை அளக்கலாமோ’ என்று கேட்போர் பிற்காலத்தில் பலர் தோன்றினர். ட்ரொட்டரும் டு போய்சும் ஜோன் டேவிசும் அதே காலத்து மனிதர்கள்தாம். மேலும், வில்சன் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தவருமல்லர். ஒன்றாக இருந்தவர்களைப் பிரித்தவர்.

நியாயத்தின்பொருட்டு வேறு சிலவற்றையும் கூறவேண்டும். சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டமும், புகையிரத ஊழியருக்கு எட்டுமணி நேர வேலைநாளும் 1916இல் வில்சன் ஆட்சியிலேயே வந்தன. அவ்வாட்சியை முற்போக்கு ஆட்சி என்று அமெரிக்க ஆசிரியர் பலர் வாழ்த்துவதற்குக் காரணம் இதுவே. ஆயின் அம்முற்போக்கின் எல்லை எங்கே முடிந்தது என்பதை இயூஜின் டெப்ஸ் அறிவார். முதலாம் உலக யுத்தத்தை எதிர்த்து 1918இல் ஒஹையோவில் ஒரு சொற்பொழிவு ஆற்றியமைக்காக அச்சோசலிசத் தலைவருக்குப் பத்தாண்டுச் சிறை. சிறையில் இருந்தபடியே 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்ற அவரை விடுவிக்க வில்சன் மறுத்துவிட்டார். அடுத்து வந்த பழைமைவாதி ஹார்டிங்தான் விடுவித்தார்.

பாரிஸ் சமாதான மகாநாட்டில் நிகழ்ந்தது ஆசியராகிய நம்மையும் தொடுவது. சுயநிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டுக் குடியேற்ற நாட்டு மக்கள் பலர் பாரிசை நோக்கினர். பின்னாளில் ஹோ சி மின் ஆன வியட்நாமிய இளைஞரும் அவர்களுள் ஒருவர். 1919 ஏப்பிரலில், இனங்களுக்கிடையே சமத்துவம் வேண்டும் என்ற யப்பானியத் திருத்தம் 17 வாக்குகளில் 11ஐப் பெற்றது. தலைமை வகித்த வில்சன், ஏகமனதான சம்மதம் இல்லை என்று கூறி அதனைத் தள்ளிவிட்டார். கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட ட்ரொட்டர், கப்பலிலே சமையற்காரனாக வேலைக்கமர்ந்து பாரிஸ் வந்து சேர்ந்தார். அவர் குரலைக் கேட்க அங்கே எவருமில்லை.

இனிப் பிரின்ஸ்டனுக்குத் திரும்புவோம். 1898இல் அவ்வூரிலே ஒரு கறுப்பினப் பாதிரியாரின் இல்லத்தில் பிறந்தவர்தான் போல் ரோப்சன், உலகத் தொழிலாளர் நேசித்த அந்தப் பெரும் பாடகர். ஊரிலிருந்த உயர்தரப் பள்ளியில் கறுப்பருக்கு இடமில்லாமையால் அவருடைய தமையனார் பதினொரு மைல் தொலைவிலிருந்த ட்றென்ரனுக்குச் சென்று படிக்கவேண்டியிருந்தது. பல்கலைக்கழகமோ கேட்கவேண்டியதில்லை. 1902 முதல் 1910 வரை அதன் தலைவராயிருந்த வில்சன், கறுப்பின மாணவர் விண்ணப்பியாதிருப்பதே நல்லது என்ற கொள்கையைப் பேணினார். 1930களின் நடுப்பகுதியில் புரூஸ் ரைட் என்னும் இளைஞருக்கு இனம் தெரியாமல் அனுமதி கொடுத்துவிட்டு, பதிவுசெய்ய வந்த அன்று நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பினார்கள். அவர் பின்னர் நியூ யோர்க்கில் நீதிபதியானார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடற்படை தன் பயிற்சித் திட்டத்தின்கீழ் சிலரை அனுப்பியபோதுதான் கறுப்பின இளைஞர் அங்கே பட்டத்துக்குப் படிக்க இடம் பெற்றனர்.

பள்ளி 1930இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் பொது, சர்வதேச விவகாரப் பள்ளி என்பதே. 1948இல் பட்டப்பின் படிப்பு ஆரம்பமாயிற்று. வில்சனின் பெயரும் அவ்வாண்டே சூட்டப்பட்டது. அதே 1948 யூலையில் ஜனாதிபதி ட்ரூமன் அரசாங்க உத்தியோகங்களில் இன பேதம் கூடாதென ஒரு கட்டளை பிறப்பித்தார். வில்சன் செய்ததை அரசாங்கமே அழிக்கத் தொடங்கிய ஆண்டில், அரசாங்க ஊழியரைப் பயிற்றும் பள்ளி அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. அன்று இம்முரண்பாட்டை எத்தனை பேர் கண்டனர்?

அடுத்த அத்தியாயம் பணத்தின் அத்தியாயம். கெடுபிடி யுத்தம் உச்சத்திலிருந்த 1961இல், ஏ அன்ட் பி என்னும் பலசரக்குக் கடைத் தொகுதியின் வாரிசான மேரி ரொபேட்சனும் அவர் கணவர் சார்ள்ஸ் ரொபேட்சனும் பெயரை வெளியிடாமல் 3 கோடி 50 இலட்சம் டொலரை இப்பள்ளிக்கு வழங்கினர். அமெரிக்க அரசாங்க சேவைக்கு, விசேடமாக வெளிநாட்டு விவகாரங்களுக்கு, இளைஞரைத் தயார்செய்வதே நோக்கம். 1966 மே 11ஆந் திகதி ஜனாதிபதி ஜோன்சன் வந்து பள்ளியின் புதிய வெண்தூண் மண்டபத்தைத் திறந்துவைத்து, வியட்நாம் யுத்தத்தைக் கண்டிக்கும் அறிஞர்களுக்குப் பதில் கூறினார். வெளியே மாணவர் மறியல் செய்தனர். கணக்கீடும் திட்ட மதிப்பீடும் கொள்கையின் மொழியாகிய காலம் அது. வியட்நாமிலே வெற்றி பிணங்களின் தொகையால் அளக்கப்பட்டது. கத்தி தீட்டும் வித்தை எவ்வளவு முன்னேறியிருந்தது!

பணத்துக்கும் பள்ளிக்கும் இடையே பின்னர் பிணக்கு மூண்டது. அரசாங்க சேவையில் சேரும் பட்டதாரிகள் மிகச் சிலரே, நன்கொடை வேறு காரியங்களுக்குத் திருப்பப்படுகிறது என்று ரொபேட்சன் குடும்பத்தினர் 2002இல் வழக்குத் தொடுத்தனர். ஆறாண்டு இழுபட்ட வழக்கு 2008 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டொலரும், அரசாங்க சேவைக்கு ஆட்களை ஊக்கும் புதிய நிறுவனமொன்றுக்கு 5 கோடி டொலரும் கொடுக்கப் பல்கலைக்கழகம் இணங்கியது. பொதுச்சேவை என்பதற்கு என்ன பொருள் என்ற வினாவை ஒரு செல்வந்தக் குடும்பம் நீதிமன்றத்திலே எழுப்பியபோது, அதைக் கேட்கச் சட்டத்தரணிகள் படை திரண்டது.

அதே வினாவைக் கறுப்பின மாணவர் எழுப்பியபோது அவர்களிடம் இருந்தது உட்காரும் உரிமை மட்டுமே. 2015 நவம்பர் 18ஆந் திகதி கறுப்பின நீதிக்கான மாணவர் அணியினர் பல்கலைக்கழகத் தலைவர் ஐஸ்குறூபரின் அறைக்குட் சென்று அமர்ந்தனர். முப்பது மணிநேரத்துக்கும் மேலாக அங்கிருந்து அசையவில்லை. பள்ளியிலிருந்தும் வதிவிடக் கல்லூரியிலிருந்தும் வில்சன் பெயர் நீங்கவேண்டும், அவருடைய இனவெறியைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பன கோரிக்கைகளுட் சில. வழக்கம்போல் ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. 2016 ஏப்பிரலில் அதன் முடிவு வந்தது: பெயர் இருக்கும்; வரலாறு மறைக்கப்படமாட்டாது. நாட்டுக்குப் பணி என்ற வில்சனின் தொடரிலிருந்து பிறந்த பல்கலைக்கழக விருதுவாக்கியத்தோடு மனித குலத்துக்குப் பணி என்பது சேர்க்கப்பட்டது. 2019 ஒக்டோபரில், கறுப்பினக் கலைஞர் வோல்ட்டர் ஹூட் அமைத்த 39 அடி உயரமான கறுப்பு வெள்ளைத் தூண்கள் பள்ளியின் முன் நிறுவப்பட்டன. அவற்றிலே வில்சனின் கூற்றுகளும் அவரை எதிர்த்தோர் கூற்றுகளும் அருகருகே பொறிக்கப்பட்டிருந்தன. ஒடுக்கியவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் ஒரே தூணில் சம இடம் கொடுப்பது நடுநிலை என்று நிர்வாகம் எண்ணியது போலும். மாணவர் அங்கேயும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2020 யூனில் பள்ளியின் மாணவரே முன்வந்து, பெயரை மாத்திரமன்றிப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் குழாத்தையும் பற்றிக் கோரிக்கை விடுத்தனர். இம்முறை குழுவும் இல்லை, நான்கு மாத ஆலோசனையும் இல்லை. வில்சனின் இனவெறி அவர் காலத்து அளவுகோலாலும் பெரியதே என்று 2016இல் பெயரைக் காத்த அதே தலைவர் இப்போது எழுதினார். 1913ஆம் ஆண்டுக் கட்டளைகளைப் பற்றி அந்நான்கு ஆண்டுகளில் புதிதாக எந்த உண்மையும் வெளிவரவில்லை. தெருக்களிலே கோடிக்கணக்கானோர் இறங்கியிருந்தனர் என்பதே வேறுபாடு. அவ்வேளை பள்ளியின் பீடாதிபதியாக இருந்தவர் சிசீலியா ரௌஸ் என்னும் கறுப்பினப் பொருளியலாளர். அவருடைய பாட்டனார் தலைமுறையினர் அப்பல்கலைக்கழகத்தில் மாணவராகவும் சேர்ந்திருக்க முடியாது.

பள்ளி 1930ஆம் ஆண்டுப் பெயருக்கே திரும்பியது. ஆயினும் வில்சன் பெயர் பிரின்ஸ்டனை விட்டு முற்றாக நீங்கவில்லை. பழைய மாணவர்க்கு அப்பல்கலைக்கழகம் வழங்கும் அதியுயர் பட்டதாரி விருது வில்சன் விருது என்பதே. அதற்கென ஒரு நன்கொடையை ஏற்றபோது அப்பெயரையும் காப்பதாகப் பல்கலைக்கழகம் சட்டப்படி கட்டுப்பட்டிருந்ததால், அதைத் தொடர்ந்து வழங்குவதாக 2020இல் அறிவித்தது. பெயர் நீங்கிய மண்டபத்தின் முன்னே ஹூட்டின் தூண்கள் இரண்டு கூற்றுகளையும் தாங்கியபடியே நின்றன.